மொட்டை மாடியில் மரியோ

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வற்றல் காய்ந்த காலம் ஒன்று உண்டு. இப்போது அங்கே ஆம்ப்ளிஃபயர் காய்கிறது. கூழ் வற்றலுக்கும் மோர்மிளகாய்க்கும் பட்டா போட்டுக் கொடுத்திருந்த நிலத்தில் ஒரு கீபோர்டு ஸ்டாண்டு, இரண்டு கிட்டார், ஒரு டிரம் பேடு, ஒரு ஸ்பீக்கர் பெட்டி. இவ்வளவுக்கும் கரண்ட் கொடுக்க, ஹாலிலிருந்து ஜன்னல் வழியாக மேலேறிப் போகிறது ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதன் வாலை எங்கே செருகியிருக்கிறார்கள் என்று ஒருநாள் தேடிக்கொண்டே போனேன். ஃபிரிட்ஜ் பிளக்கில். மாடியில் சங்கீதம் விளைகிற நேரத்திலெல்லாம் கீழே பால் திரிந்துகொண்டிருந்த மர்மம் அன்றைக்குத்தான் துலங்கியது. அதுவரை என் மனைவி பால்காரரைச் சந்தேகித்தாள். நான் மாட்டைச் சந்தேகித்தேன்.

மதுரைக் காளவாசலில் குடியிருப்பவன் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லக்கூடாது. ஆரப்பாளையத்தில் கிளம்பித் தேனி, கம்பம், போடி, உசிலம்பட்டி என்று போகிற பஸ்ஸெல்லாம் எங்கள் சிக்னலுக்கு வந்துதான் முதன்முதலாக முழு மனதோடு ஹாரன் அடிக்கும். 2020-இல் பைபாஸ் ரோட்டில் பாலம் திறந்தார்கள். சத்தம் பாதியாகக் குறையும் என்று தெருவே நம்பியது. பாதியாகத்தான் ஆயிற்று: ஒரு பாதி பாலத்துக்கு மேலே, ஒரு பாதி கீழே. இப்பேர்ப்பட்ட முனையில் இன்னொரு புதுச் சத்தத்துக்கு இடம் மிச்சமிருக்கிறது என்று கண்டுபிடித்த ஒரே ஆள் என் மகன். பொறியியல் கடைசி வருடம் படிக்கிறான். அவன் படிப்பிலிருந்து வந்த முதல் கண்டுபிடிப்பு என்பதால் நானும் தடை சொல்லவில்லை.

விதை 2024 பிப்ரவரியில் விழுந்தது. சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் என்கிற திருவிழா முதல்முறையாக நடந்தது. படக்கதை, கார்ட்டூன், வீடியோ கேம் என்று எது பிடித்தவனும் அதன் வேஷத்தைக் கட்டிக்கொண்டு வந்து, அதே வேஷம் கட்டிய இன்னொருவனைப் பார்த்துக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் இடம். என் மகன் கூட்டாளிகளோடு பஸ் ஏறிப் போனான். திரும்பி வரும்போது ஒரு போஸ்டர், தெர்மகோலில் செய்த வாள் ஒன்று, தொண்டைக்கட்டு, ஒரு லட்சியம் ஆகியவற்றோடு வந்தான். முதல் மூன்றும் ஒரு வாரத்தில் கிழிந்தும் உடைந்தும் சரியாகியும் போயின. நான்காவது இன்னும் மாடியில் இருக்கிறது.

இப்போது நம்மூரிலேயே அந்த மாதிரி ஒன்று நடத்துகிறார்கள். சின்னதுதான். கல்லூரிப் பையன்கள் சிலர் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருக்கிறார்கள். ஹாலில் வரிசையாகக் கம்ப்யூட்டர், டைனிங் ஹாலில் வேஷப்போட்டி, மணமேடையில் கலை நிகழ்ச்சி. என் மகனின் குழுவுக்கு அரை மணி நேரம். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. நிபந்தனை ஒன்றே ஒன்று: சினிமாப் பாட்டு கூடாது, வீடியோ கேம் பாட்டு மட்டும்.

“கேமுக்குப் பாட்டா? யாருடா பாடுறது?” என்று கேட்டேன்.

“யாரும் பாட மாட்டாய்ங்கப்பா. அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும்.”

“அதைப் போய் மேடை போட்டு வாசிப்பாய்ங்களா?”

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது. பையனுக்குப் பரீட்சையில் வராத ஞாபக சக்தியெல்லாம் பொங்கி வந்தது. 1987 ஆகஸ்டிலேயே டோக்கியோவின் சன்டோரி ஹாலில், கொய்ச்சி சுகியாமா தாம் எழுதிய ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டின் இசையை ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து வாசித்துக் காட்டியிருக்கிறாராம். கோட்டு சூட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். ‘ஃபைனல் ஃபேன்டஸி’க்கு இசையமைத்த நொபுவோ உஎமட்சு, ஆபீஸ் சகாக்களைச் சேர்த்துக்கொண்டு ‘தி பிளாக் மேஜஸ்’ என்று ராக் குழுவே கட்டி, தம்முடைய சண்டைக்காட்சி மெட்டுகளைக் கிட்டாரில் பிளந்திருக்கிறார். அமெரிக்காவில் 2002-இல், வர்ஜீனியா மாநிலத்து ரோனோக் ஊரில் மேக்ஃபெஸ்ட் என்று ஒன்று தொடங்கி, ஒரு பக்கம் ஆட்டம், ஒரு பக்கம் கச்சேரி என்று இன்றுவரை ராப்பகலாக நடக்கிறது. அங்கே வாசிப்பவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். “2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில எல்லா நாட்டுக்காரய்ங்களும் கொடி பிடிச்சு நடந்து வந்தாய்ங்கள்ல, அப்ப ஓடினது பூரா கேம் மியூசிக்தாம்ப்பா. நீங்க கூட பார்த்தீங்க.”

பார்த்தேன்தான். இந்தியக் குழு வருகிற நேரத்தில் கேஸ்காரர் வந்துவிட்டதால் பாட்டைக் கவனிக்கவில்லை.

குழுவில் யாருக்கும் பெயர் கிடையாது. ஏரியாதான் பெயர். கீபோர்டு என் மகன். இரண்டாவது மெட்டுக்குக் கிட்டார் வாசிக்கிற பையன் விராட்டிபத்து. பேஸ் கிட்டார் பெத்தானியாபுரம் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறவர், வயது நாற்பதைத் தாண்டியவர், குழுவில் ஒழுங்காக வாசிக்கத் தெரிந்த ஒரே மனிதர் என்பதால் எல்லோருக்கும் அவர்மேல் லேசான வருத்தம். டிரம் பேடு அரசரடி. சின்ன வயதில் மிருதங்கம் கற்று, அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் கிரிக்கெட்டுக்குப் போனவன். குழுவுக்கும் ஒரு பெயர் வைக்கவேண்டும் என்று அடிக்கடி கூட்டம் போடுகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் டீயும் வடையும் போகிறது. பெயர் மட்டும் வருவதில்லை.

நான் எப்படி உள்ளே போனேன் என்பதைச் சொல்லவேண்டும். அதற்குக் கொஞ்சம் விஞ்ஞானம் தேவை.

1983 ஜூனில் கபில்தேவ் உலகக்கோப்பையைத் தூக்கினார். அடுத்த மாதம் ஜப்பானில் நின்டென்டோ கம்பெனி ஃபேமிகாம் என்று ஒரு பெட்டியை விற்பனைக்கு விட்டது. முதல் செய்தி எங்கள் தெருவுக்கு அன்று ராத்திரியே வந்தது. இரண்டாவது வந்து சேரப் பத்து வருடம் ஆனது, அதுவும் நகல் ரூபத்தில். தொண்ணூறுகளில் ‘டிவி கேம்’ என்று மீனாட்சி பஜாரில் விற்றது அந்தப் பெட்டியின் சித்தப்பா பிள்ளைதான். எஸ்.எஸ். காலனியில் வசதியான சிநேகிதன் ஒருவன் வீட்டில் அது இருந்தது. கேசட்டின் மேல் ‘99 ஆட்டங்கள்’ என்று போட்டிருக்கும். உள்ளே போனால் ஆறு ஆட்டம்தான்; மிச்சமெல்லாம் அதே ஆட்டம், சட்டை மட்டும் வேறே. கேசட் வேலை செய்யாவிட்டால் கழற்றி அதன் அடிவாயில் ஊதவேண்டும். இன்னமும் ஏன் என்று தெரியாது, ஊதினால் ஓடும். சிநேகிதன் ஆடுவான், நான் ஊதுவேன். என் இசைப்பயிற்சி அப்போது தொடங்கியது என்று இப்போது வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பெட்டிக்குள் சத்தம் போடுகிற சில்லுக்கு மொத்தம் ஐந்தே குரல். இரண்டு குரல் மெட்டுக்கும் பக்கமெட்டுக்கும். மூன்றாவது, கொஞ்சம் மழுங்கலாகக் கீழ்சுருதிக்கு. நான்காவது வெறும் இரைச்சல். ‘உஸ்’ என்று இரைந்து அதை வெட்டி வெட்டித் தாளமாக்கிக்கொள்வார்கள். ஐந்தாவது, துண்டு துண்டாகப் பதிவு செய்த சத்தங்களுக்கு. உலகத்தையே கட்டிப்போட்ட மெட்டெல்லாம் இந்த ஐந்துக்குள் அடங்கினவை. என் மகன் இந்தக் கணக்கைத் தாளில் எழுதி ஆளுக்கு ஒன்றாகப் பிரித்தான். இரைச்சலுக்கு ஆள் இல்லை.

“ஏங்க, நீங்கதான் சும்மா இருக்கீங்கள்ல” என்றாள் என் மனைவி. “இரைச்சல்னா உங்களுக்குத் தனியா சொல்லிக் குடுக்கவா வேணும்?”

இப்படியாக நான் நியமனம் பெற்றேன். வாத்தியம்: மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு பிடி தானியம். முதலில் துவரம்பருப்பு போட்டேன். நல்ல நாதம். ஆனால் மாதக் கடைசியில் அதைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டார்கள். இப்போது புளியங்கொட்டை. நாதம் கொஞ்சம் கரடு, யாரும் திருட மாட்டார்கள்.

எனக்கென்று பரம்பரை இல்லாமலும் இல்லை. எம்.எஸ். பிறந்ததும் டி.எம்.எஸ். பிறந்ததும் இந்த ஊரில்தான். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணனோடு பாவலர் சகோதரர்கள் குழுவில் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போன பையன் பிற்பாடு இளையராஜா ஆனார். அந்தப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வரும் தேனி ரோடு எங்கள் முனையைத் தொட்டுத்தான் ஊருக்குள் போகிறது. அதற்காகக் காளவாசல்காரன் ராயல்டி கேட்க முடியாது. டீக்கடையில் சொல்லிக்கொள்ளலாம்.

பயிற்சி தொடங்கியது. முதல் உருப்படி ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’. 1985-இல் வந்தது. இசை கோஜி கொண்டோ. முந்தைய வருடம்தான் கம்பெனியில் சேர்ந்த இளைஞர். அந்த ஆட்டம் முழுவதும், படம், பாட்டு, எதிரி, ஆமை, கோட்டை எல்லாம் சேர்த்து நாற்பது கிலோபைட். என் மச்சினன் தினமும் காலையில் அனுப்புகிற ரோஜாப்பூ ‘இனிய காலை வணக்கம்’ அதைவிடப் பெரிது. இவ்வளவு நெருக்கடிக்குள் எழுதிய மெட்டை 2023-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காலத்துக்கும் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. வீடியோ கேம் இசை அந்தப் பட்டியலுக்குள் போனது அதுவே முதல்முறை.

கீழ்வீட்டில் குடியிருக்கும் பெரியவர் நல்ல ரசிகர். நாங்கள் மரியோவைத் தொடங்கியதும் படியேறி வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று எல்லோரும் வாத்தியத்தைக் கீழே வைத்தோம். “மதுரை மணி ஐயர் கச்சேரி முடிவுல இங்கிலீஷ் நோட்டு பாடுவார், கேட்டிருக்கேளா? ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் போட்டது. கேக்கறதுக்குன்னே ஜனங்க கடைசி வரைக்கும் எழுந்திரிக்காம உட்கார்ந்திருப்பா. இதுவும் அந்த ஜாதிதான். துள்றது” என்றார். என் மகனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்ததாக ‘டெட்ரிஸ்’ வாசித்துக் காட்டினோம். அது ரஷ்யக் கிராமப்புறப் பாட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. 1989-இல் கேம்பாய் என்கிற கையடக்கப் பெட்டியில் அதை ஏற்றி உலகம் முழுக்க அனுப்பிவிட்டார்கள். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டு, “நடபைரவி சாயல் அடிக்கிறது” என்றார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “அந்த டப்பா மட்டும் வேற ஏதோ ராகத்துல போறது” என்றார். டப்பாவுக்கு ராகம் கிடையாது என்று சொல்லலாம் என்று பார்த்தேன். வாடகை ஒழுங்காகக் கொடுக்கிற மனிதர்.

என்மேல் பொதுவாக உள்ள குற்றச்சாட்டு, போகப்போக வேகம் பிடிக்கிறேன் என்பது. நான் அதை மறுப்பதில்லை, மரபு என்கிறேன். மரியோவிலேயே கடிகாரத்தில் நூறு மிச்சம் இருக்கும்போது பாட்டு திடீரென்று ஓட்டமெடுக்கும். அதற்கும் முன்னால், 1978-இல் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தில் இருந்ததே நாலு சுரம்தான். ‘டும் டும் டும் டும்’ என்று இறங்கிக்கொண்டே இருக்கும். எதிரிகள் குறையக் குறைய அது வேகமாகும், ஆடுகிறவன் நெஞ்சும் கூடவே அடிக்கும். நான் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவன். “அங்க எதிரி குறையுறதால வேகமாகுது சார். நமக்குக் கேக்குற ஆளுதான் குறையும்” என்றார் பெத்தானியாபுரம் அண்ணன்.

இன்னொரு மரபும் எங்கள் வீட்டில் தானாகவே கைவந்துவிட்டது. ஐந்தே குரல் என்பதால், பழைய ஆட்டங்களில் மரியோ குதிக்கிற சத்தம், காசு எடுக்கிற சத்தம் எல்லாம் பாட்டுக்கான குரல் ஒன்றைத்தான் அந்த நொடிக்குப் பிடுங்கிக்கொள்ளும். அதுவரை அந்த வாத்தியம் ஒதுங்கி நிற்கும்; சத்தம் முடிந்ததும் வந்து சேர்ந்துகொள்ளும். கேட்பவனுக்குத் தெரியாது. எங்கள் மாடியில் நடப்பதும் அதுவே. கீழேயிருந்து “ஏங்க, சிலிண்டர் வந்துருக்கு” என்றால் ஒரு குரல் இறங்கிப் போகும். “டேய், மோட்டரை நிறுத்து” என்றால் இன்னொரு குரல். விராட்டிபத்துக்கு போன் வந்தால் மூன்றாவது. ஒருமுறை இப்படி எல்லோரும் ஒவ்வொருவராக இறங்கிப்போய், பெத்தானியாபுரம் அண்ணன் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு ‘டும் டும்’ என்று கீழ்சுருதியை இழுத்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டுச் சார் சட்டம் அறிந்தவர். செல்போனில் டெசிபல் பார்க்கிற ஆப் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். 2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கியே கூடாது என்று ஒப்பித்தார். நியாயம்தான். போனை நீட்டி, “பாருங்க, எழுபத்தி ரெண்டு காட்டுது” என்றார். “சார், நாங்க இன்னும் ஆரம்பிக்கலை” என்றான் அரசரடி. அது கம்பம் பஸ். அவர் போனை இறக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், “சரி, ஏழு மணிக்குள்ள முடிச்சிருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முடிப்பதுதான் எங்களால் முடியவில்லை.

இதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் இதுதான். சினிமாப் பாட்டுக்கு நாலரை நிமிடத்தில் முடிவு உண்டு. கீர்த்தனைக்கு உண்டு. மாரியம்மன் கோயில் ரெக்கார்டுக்குக்கூட ஊசி கடைசி வட்டத்துக்கு வந்தால் முடிவு உண்டு. வீடியோ கேம் பாட்டுக்குக் கிடையாது. ஆடுகிறவன் அந்தக் கட்டத்தைத் தாண்ட ஒரு நிமிடம் ஆகுமா, ஒரு மத்தியானம் ஆகுமா என்று பாட்டு போட்டவருக்குத் தெரியாது. அதனால் கடைசிச் சுரம் நேராக முதல் சுரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்படி தைத்துவிடுகிறார்கள். தையல் தெரியாமல் தைக்கிறவர்தான் கெட்டிக்காரர். கவனித்துக் கேட்கிறவனுக்காக எழுதின பாட்டும் அல்ல அது. ஆமையை மிதிக்கிற மும்முரத்தில் இருக்கிறவன் காதில், சலிப்புத் தட்டாமல் நூறு முறை விழவேண்டும். ஆடுகிறவனுக்குச் சரி. மேடையில் உட்கார்ந்து வாசிக்கிற ஐந்து பேர் எங்கே நிறுத்துவது?

“எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிறுத்திரலாம்” என்றான் என் மகன். செய்து பார்த்தோம். நான் அவனைப் பார்த்தேன், அவன் விராட்டிபத்தைப் பார்த்தான், விராட்டிபத்து தெருவில் போகிற யாரையோ பார்த்தான். பாட்டு சுற்றிக்கொண்டே போனது. பெத்தானியாபுரம் அண்ணன் சர்ச் முறைப்படி, “எந்தப் பாட்டா இருந்தாலும் கடைசியில ஒரு ஆமென் போட்டு உட்கார வச்சிரலாம் தம்பி” என்று இரண்டு கார்டு இறக்கிக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மரியோ ஞானஸ்நானம் வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அரசரடி, மிருதங்க நினைப்பில், மோரா கோர்வை வைத்து மூன்று தடவை அடித்து இறங்கலாம் என்றான். மூன்றாவது தடவை இறங்குகிற இடம் அவனுக்கே பிடிபடவில்லை. கிரிக்கெட்டுக்குப் போன வாரத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. நான், மெல்லிசைக் கச்சேரியில் முடிப்பது போல் எல்லோரும் சேர்ந்து ஒரே இழுப்பாக இழுத்து ‘டொய்ங்’ என்று வெட்டலாம் என்றேன். இழுத்தோம். வெட்டுகிற இடத்தில் நான் ஒருவன் வெட்டினேன்.

கடைசியில் விராட்டிபத்துதான், “ஆட்டத்துலயே முடிவு இருக்கே. மரியோ சாகும்போது வருமே, அந்த மியூசிக்கப் போட்ருவோம்” என்றான். எல்லோருக்கும் பொட்டில் அடித்தது. ஆமையில் இடித்து மரியோ அந்தரத்தில் எகிறிக் கீழே விழும்போது வருகிற சின்ன மெட்டு அது. உலகத்தில் அதைக் கேட்டு அழாத பிள்ளை கிடையாது. ஒவ்வொரு உருப்படியையும் இந்தச் சாவு மெட்டில் முடிப்பது என்று தீர்மானித்தோம். வாசித்துப் பார்த்தோம். கச்சிதமாக, ஐந்து பேரும் ஒன்றாக நின்றோம். கைதட்டிக்கொண்டோம்.

என் மனைவி கரண்டியோடு மேலே வந்தாள். “அது என்ன, கடைசியில பொத்துன்னு விழுற மாதிரி?”

மகன் விளக்கினான்.

“கல்யாண மண்டபத்துல, மணமேடையில உட்கார்ந்து சாவுச் சத்தம் வாசிப்பீங்களா? அடுத்த வாரம் அங்க ஒரு பொண்ணுக்குத் தாலி கட்டுவாய்ங்கடா! மண்டபத்துக்காரய்ங்க விடுவாய்ங்களா? ஏங்க, இவன்தான் சின்னப்பய, உங்களுக்கு எங்க போச்சு புத்தி?”

புத்தி எங்கே போச்சு என்கிற கேள்விக்கு இருபத்தைந்து வருடமாக நான் பதில் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. அவளே வழியும் சொன்னாள். மகன் சின்ன வயதில் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டினவள் அல்லவா, எங்கள் யாருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. “கடைசியில ஒரு கம்பத்துல ஏறிச் சறுக்குவானே, கொடி இறங்குமே, அப்ப ஒரு மங்களம் மாதிரி வருமே. அதை வாசிங்க. மதுரைக்காரய்ங்கதானே நீங்க? சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏத்தினா ஆரம்பம். இறக்கினா முடிஞ்சது.”

இவ்வளவு நாள் ஐந்து ஆண்பிள்ளைகள் டீயும் வடையுமாக யோசித்தது, அடுப்பில் சாம்பார் கொதிக்கிற இடைவெளியில் தீர்ந்தது. இப்போது மரியோ, டெட்ரிஸ், மூன்றாவது உருப்படியான ‘கான்ட்ரா’ எல்லாவற்றுக்கும் கொடியிறக்கம்தான். கான்ட்ராவில் கொடிக்கம்பமே இல்லையே என்று அரசரடி கேட்டான். அவனுக்கு அன்றைக்கு வடை கொடுக்கவில்லை.

அடுத்தது வேஷம். விளையாட்டுத் திருவிழா என்பதால் வாசிக்கிறவர்களும் வேஷத்தில் வந்தால் நல்லது என்று சொல்லிவிட்டார்கள். ஒருமனதாக என்னை மரியோ ஆக்கினார்கள். சிவப்புத் தொப்பி, சிவப்புச் சட்டை, தோளில் வார் வைத்த நீலக் கால்சட்டை. தொப்பையும் மீசையும் ஏற்கெனவே என்னிடம் இருப்பு உண்டு. பைபாஸ் ரோட்டுத் தையல்காரர் அளவெடுத்துவிட்டு, “சாருக்கு எந்தப் பள்ளிக்கூட யூனிஃபார்ம்?” என்று கேட்டார்.

மரியோ தொழிலால் பிளம்பர். இதை நான் வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். “பிளம்பர் வேஷம் கட்டுறதுக்கு முன்னாடி, கொல்லைப்பக்கக் குழாய் பொங்கல்லேர்ந்து ஒழுகுது, அதைப் பாருங்க” என்றாள். பார்த்தேன். நான் பார்த்தபிறகு இன்னும் கொஞ்சம் அதிகமாக ஒழுகியதால் நிஜ பிளம்பரைக் கூப்பிட்டோம். வாஷரை மாற்றிவிட்டு அவர் மாடிக்கு வந்து பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றார். என் தொப்பியைப் பார்த்து விசாரித்தார். உங்கள் தொழில்காரர்தான் அண்ணே, உலகப் பிரசித்தி என்றேன்.

“படத்துல எங்கயாவது பைப்பை ரிப்பேர் பண்றானா?”

“இல்லண்ணே. பைப்புக்குள்ள போயிட்டு வருவான்.”

“அப்ப கூலி?”

“காசு மேல தொங்கும். தலையால முட்டி எடுத்துக்குவான்.”

“நம்ம கதையும் அதுதாண்ணே” என்று சொல்லிவிட்டு, வாஷருக்கும் கைவேலைக்கும் முட்டவேண்டிய அளவுக்கு முட்டி வாங்கிக்கொண்டு போனார்.

உரிமைப் பிரச்சினை வருமோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. ஜப்பான்காரன் பாட்டு, காளவாசல் மாடி, நாளைக்கு நோட்டீஸ் வந்தால் என் பெயரில்தான் வீடு. அரசரடியின் மாமா வக்கீல். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, 52-ஆம் பிரிவைக் காட்டினார். தொழில்முறை அல்லாத குழு ஒன்று, காசு கொடுக்காத கூட்டத்துக்கு முன்னால் வாசித்தால் அது உரிமை மீறல் ஆகாதாம். கேட்டதும் நெஞ்சு குளிர்ந்தது. தொழில்முறை அல்லாதவர்கள் என்பதை நிரூபிக்க எங்களுக்குச் சாட்சியே தேவையில்லை, இரண்டு நிமிடம் வாசித்தால் போதும். காசு கொடுத்துக் கேட்க ஆள் வராது என்பதை எதிர்வீட்டுச் சாரே கோர்ட்டில் வந்து சொல்வார். மண்டபத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை என்பதையும் விசாரித்து வைத்துக்கொண்டோம். அதே பிரிவில் இன்னொரு நல்ல சேதியும் இருந்தது: கல்யாண ஊர்வலத்திலும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் வாசிப்பதையும் சட்டம் விட்டுவைத்திருக்கிறது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவிழா அடுத்த மாதம். அதற்கு முன்னால் நாலு பேர் முன்னிலையில் வாசித்துப் பழக இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். மதுரைச் சுற்று வட்டாரத்தில் கல்யாணமோ வரவேற்போ வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் வருகிறோம். மரியோ, டெட்ரிஸ், கான்ட்ரா, ஆக மூன்று உருப்படி. பெண் வீட்டாருக்கு ஆட்சேபம் இருந்தால் கான்ட்ராவை விட்டுவிடலாம், அதில் துப்பாக்கிச் சத்தம் அதிகம். சாவு மெட்டு கண்டிப்பாகக் கிடையாது. பணம் வேண்டாம். முதல் பந்தியில் ஐந்து இலை போடுங்கள், புளியங்கொட்டை நாங்களே கொண்டுவந்துவிடுகிறோம்.